வெண்பனிக்கு முன்னே



பனிக்காலம் என்று சொன்னவுடன் மார்கழி மாதத்து வைகறையும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு செல்லும் பெரியவர்களும் நம் நினைவுக்கு வருகிறார்கள். குளிர் மிகுந்தால் சன்னலைச் சாத்துகிறோம். வெயில் ஏறியதும் திறந்துவிடுகிறோம். இதற்கென ஆறு மாதம் முன்னதாகவே ஆயத்தம் செய்யும் குடும்பம் நம்மிடையே இல்லை. ஆனால் நம் நாட்டின் வடகோடியிலே, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலே, ஆடி மாதத்து வெயிலில் நின்றுகொண்டே தை மாதத்துக் குளிரை எண்ணிக் காரியம் செய்யும் குடும்பங்கள் பல்லாயிரம் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை எளிய வருவாய் உடையவை. அலுவல் நிமித்தமாக ஸ்ரீநகரில் இரண்டு குளிர்காலங்கள் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் தலைவி, சிறு சம்பளக்காரரான ஓர் எழுத்தரின் மனைவி. அவ்வம்மையார் குளிர்காலத்தை எதிர்கொண்ட முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிருக்கென்றே ஒரு நாட்கணக்கு உண்டு. டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் முதல் 40 நாட்களுக்குச் ‘சில்லே கலான்’, அதாவது பெருங்குளிர் என்று பெயர். அதை அடுத்து 20 நாட்கள் சிறுகுளிர். அதற்கும் பிறகு 10 நாட்களுக்குக் குழந்தைக் குளிர் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக எழுபது நாட்கள். பெருங்குளிரின்போது இரவில் நீர் உறைவது சாதாரணம். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் இரவு ஸ்ரீநகரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8.4 பாகை வரை இறங்கியது. தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்தது. பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை அங்கே கோடையில் அன்று, குளிர்காலத்தில்தான் என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

குளிர் மட்டுமே துன்பமாயின் போர்வையால் தீர்ந்துவிடும். வழி அடைபடுவது அதனினும் பெரிய துன்பம். பள்ளத்தாக்கைச் சுற்றிலும் மலைகள். 1956ஆம் ஆண்டு டிசம்பரில் பானிஹால் மலையைக் குடைந்து ஜவஹர் சுரங்கப் பாதை திறக்கப்படும் வரையில், கணவாயை வெண்பனி மூடினால் போக்குவரத்து நின்றுவிடும். 2021இல் அதனினும் நீண்டதொரு சுரங்கப் பாதை வந்தது. 2025இல் செனாப் ஆற்றின் மேலுள்ள பாலம் திறக்கப்பட்டு இரயில் வண்டியும் ஓடத் தொடங்கியது. ஆயினும் பெருமழையாலும் பனிப்பொழிவாலும் மலைச்சரிவாலும் நெடுஞ்சாலை மூடப்படும் நாட்கள் இன்றும் உண்டு. பொருள் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் முதலில் வருந்துவது ஏழையின் அடுப்பங்கரையே. ஆகவே பொருள் மலிந்திருக்கும்போது வாங்கிச் சேமிப்பது அவ்வூர்ச் சிக்கனத்தின் முதல் விதி.

சேமிக்கும் வழியோ நம் பாட்டிமார் அறிந்த வழிதான். நாம் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் வற்றல் போடுகிறோம் அல்லவா? அவர்கள் சுரைக்காயையும் கத்தரிக்காயையும் தக்காளியையும் டர்னிப் கிழங்கையும் வற்றல் போடுகிறார்கள். சுரைக்காயை நீண்ட நாடாக்களாகச் சீவுகிறார்கள். கத்தரிக்காயைக் காம்போடு நீளவாக்கில் பிளக்கிறார்கள். கிழங்கை வில்லைகளாக்கி நூலில் கோக்கிறார்கள். கோடையின் இறுதியில் வீடுதோறும் சன்னலிலும் மாடத்திலும் இம்மாலைகள் தொங்குவது கண்கொள்ளாக் காட்சி. உலர்ந்த காய்கறிக்கு அவர்கள் மொழியில் ‘ஹோக் ஸ்யூன்’ என்று பெயர்.

இதன் தத்துவம் எளியது. காய்கறியை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். ஈரத்தை வெயில் கவர்ந்துகொண்டால் அவை பெருக முடியாது. ஆனால் அரைகுறையாக உலர்ந்த வற்றலில் பூசணம் பிடித்துவிடும். ஆதலால் எங்கள் வீட்டுத் தலைவி ஒவ்வொரு துண்டையும் ஒடித்துப் பார்த்த பின்பே மூட்டை கட்டுவார். சமைப்பதற்கு முன் அதை வெந்நீரில் ஊறவைத்து நன்கு கழுவுவார். உலர்த்தத் தேவையில்லாத முள்ளங்கியையும் கிழங்குகளையும் தோட்டத்தில் குழி வெட்டி, வைக்கோலும் மண்ணும் இட்டு மூடிவைப்பார். மேல்மண் உறைந்தாலும் சற்று ஆழத்தில் குளிர் அவ்வளவு கடுமையாக இராது. குழிக்கு வாடகை இல்லை. மின்சாரச் செலவும் இல்லை.

உணவுக்கு அடுத்தது எரிபொருள். இலையுதிர் காலத்தில் சினார் மரங்களின் இலைகள் செந்நிறமாகி உதிர்கின்றன. வெளியூரிலிருந்து வருவோர் அவ்வழகைக் கண்டு களிக்க, உள்ளூர்ப் பெண்கள் அவ்விலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ மூட்டி, அவை சாம்பலாகும் முன் நீர் தெளித்துக் கரியாக்குகிறார்கள். பழத்தோட்டங்களில் கழித்த கிளைகளும் இவ்வாறே கரியாகின்றன. விறகிலுள்ள நீரும் ஆவிகளும் முன்பே நீங்கிவிடுவதால், கரி மெதுவாகவும் அதிகப் புகையின்றியும் கனல்கிறது. மரத்தடியில் கிடந்த குப்பை, மூட்டை கட்டிய வெப்பமாக வீட்டிற்குள் வந்து சேர்கிறது.

அக்கரியை இடும் பாத்திரம் ‘காங்கிரி’. ஒரு சிறு மண்சட்டி, அதைச் சுற்றிப் பின்னிய பிரம்புக் கூடை, தூக்குவதற்குக் கைப்பிடி. அடியில் கரித்தூளைப் பரப்பி, மேலே சில கங்குகளை வைத்து, சாம்பலால் மூடுகிறார்கள். சாம்பல் காற்றைக் குறைத்து எரிதலை மந்தப்படுத்துகிறது. குளிர் உறைக்கும்போது ஒரு சிறு கரண்டியால் சாம்பலைக் கிளறிவிட்டால் கங்கு மீண்டும் சிவக்கும். இவ்வளவுதான் அதன் இயந்திர நுட்பம். ஏறத்தாழக் கால் கிலோ கரி பல மணி நேரத்துக்குப் போதும். முழங்கால் வரை தொங்கும் ‘ஃபிரன்’ என்ற தொளதொளப்பான கம்பளி அங்கிக்குள் இதைப் பிடித்துக்கொண்டு அமர்கிறார்கள். அங்கி ஏன் தொளதொளப்பாக இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே அடைபட்ட காற்று சூடேறித் தங்குகிறது. கனத்த ஒரே ஆடையைவிட மெல்லிய பல ஆடைகள் நம்மைக் கதகதப்பாக வைப்பதற்கும் இதுவே காரணம். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை.

இதில் அடங்கியுள்ள பொருளாதாரத்தைக் கவனியுங்கள். ஓர் அறை முழுவதையும் சூடாக்க வேண்டுமானால் சுவருக்கும் கூரைக்கும் காலி மூலைகளுக்கும் சேர்த்தே எரிபொருள் தர வேண்டும். செல்வர் வீடுகளில் ‘ஹமாம்’ என்ற அறை உண்டு. அதன் கல்தளத்துக்கு அடியிலே விறகு எரியும். எளியவரோ மனிதனை மட்டும் சூடாக்கிக்கொள்கிறார். பக்கத்து வீட்டில் மின்சாரக் கணப்பு வாங்கியபோது எங்கள் வீட்டுத் தலைவி சிரித்துக்கொண்டே, “மின்சாரம் வந்தால்தான் அது கனலும், என் காங்கிரி கம்பியை எதிர்பார்ப்பதில்லை” என்றார். அவர் சொன்ன மாதத்தில் மின்வெட்டு நேராத நாள் அரிதாகவே இருந்தது.

வீட்டையும் அவர்கள் சும்மா விடுவதில்லை. குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் ஓர் அறையில் ஒடுங்கிவிடுகிறது. அவ்வறையின் சன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறார்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே நிற்கும் காற்றே திரையாகிறது. தரையில் கோரைப்பாய், அதன்மேல் ‘கப்பா’ என்ற விரிப்பு. நைந்துபோன பழங்கம்பளிகளை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, மேலே பூவேலை செய்து கப்பா ஆக்குகிறார்கள். தந்தை போர்த்தித் தேய்த்த கம்பளி மகனுக்குத் தரைவிரிப்பாகிறது. வெளியிலுள்ள நீர்க்குழாயில் சாக்கும் வைக்கோலும் சுற்றுகிறார்கள். நீர் உறையும்போது பருமனில் பெருகிக் குழாயை வெடிக்கச் செய்யும் என்று நீங்கள் பாடத்தில் படித்ததை, அங்கே சிறு குழந்தைகளும் அனுபவத்தில் அறிவர்.

நண்பர்களே, இதுவரை சிக்கனத்தின் சிறப்பைச் சொன்னேன். அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கரி எரியும்போது, போதிய காற்று கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் இதனோடு விரும்பி இணைகிறது. தலைவலி, மயக்கம், பின்னர் உறக்கம். அவ்வுறக்கத்திலிருந்து விழிப்பதே இல்லாமற் போகலாம். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் குளிர்கால இரவொன்றில் மூச்சுத் திணறி இறந்தனர். அவர்களுள் மூவர் குழந்தைகள். குளிர்காய நாம் மூட்டும் எந்தக் கணப்பும், அடைத்த அறையில் நமக்கே பகையாகிவிடக்கூடும். காங்கிரிக்கு வேறொரு தீங்கும் உண்டு. ஆண்டுக்கணக்கில் சூடு படும் தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் தோன்றுவதை 1866ஆம் ஆண்டிலேயே எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் எழுதிவைத்தார்.

எங்கள் வீட்டுத் தலைவி இரண்டு கட்டளைகள் விதித்திருந்தார். உறங்கப் போகுமுன் எல்லாக் காங்கிரிகளும் அறையை விட்டு வெளியேற வேண்டும். சன்னலின் மேல்பகுதியில் ஒரு சாண் அளவு இடத்தில் தாள் ஒட்டக் கூடாது. அவ்விடம் எப்போதும் சிறிது திறந்தே இருக்க வேண்டும். கடுங்குளிர் நாளொன்றில் அவருடைய இளைய மகன் அந்த இடைவெளியில் துணியை அடைத்துவிட்டான். இரவு உணவைப் பாதியில் விட்டு எழுந்து அதைப் பிடுங்கி எறிந்தார் அவ்வம்மையார். காய்கறித் தோலைக்கூட வீணாக்காத அவர், அந்த வழியாக ஓடிப்போகும் வெப்பத்தை மட்டும் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

அவருடைய செலவு வரிசையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அரிசி, உப்பு, எண்ணெய் முதலில், கரி அடுத்து, குழந்தைகளின் காலணி அதற்கு அடுத்து, தமக்குப் புதிய ஆடை எல்லாவற்றுக்கும் பின்பு. இவையனைத்தும் முதல் வெண்பனி விழுவதற்கு முன்பே முடிந்துவிடும். வருவாய் சிறிதாயினும் அந்த எழுபது நாட்களிலும் அவ்வீட்டில் கடன் வாங்கப் புறப்பட்டவர் எவரையும் நான் காணவில்லை.

நம் ஊரில் வெண்பனி விழாது. ஆயினும் புயலும் வெள்ளமும் வறட்சியும் நமக்கும் நாள் குறித்துக்கொண்டுதான் வருகின்றன. ஐப்பசியில் வரும் மழைக்குச் சித்திரையிலேயே கூரையைப் பார்ப்பவன் குறைந்த செலவில் பிழைத்துக்கொள்வான். இன்று வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்தில் அடுத்த பருவத்துக்கென இப்போதே செய்யத்தக்க காரியம் எது என்று உங்கள் தாயாரைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு பட்டியலே சொல்வார். அதில் ஒன்றையேனும் நீங்கள் ஏற்றுச் செய்யுங்கள்.