ஆராய்ச்சி மணி

(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி கட்டிவைத்த கதையைச் சிறு பராயத்திலேயே நாம் கேட்டிருக்கிறோம். கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. தன் மைந்தனென்றும் பாராது அரசன் நீதி செய்தான். நாம் அரசனையே போற்றுகிறோம். இன்று நான் அந்த மணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஆங்கிலேயரும் ஒரு மணி கட்டினார்கள். 1215இல் ஜோன் மன்னனிடம் பிரபுக்கள் பெற்ற மகா சாசனம், நாட்டின் சட்டப்படியன்றிச் சுதந்திர மனிதன் எவனையும் சிறைப்பிடிக்கலாகாது என்றது. பிரபுக்கள் தம் நலங் கருதியே அதனைக் கேட்டனர். பின்வந்தோர் அதனை எல்லார்க்கும் உரியதாக்கினர். 1679ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்கொணர்வு எழுத்தாணையை வலுப்படுத்தியது. அடைத்து வைத்த ஆளை நீதிபதி முன் கொண்டுவந்து காரணம் சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம்.

அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் இவ்வுரிமைகள் தமக்கும் உரியவை என்றனர். விடுதலை பெற்றபின், 1787இல் வரைந்த அரசியலமைப்பில் அவ்வெழுத்தாணைக்குக் காவல் வைத்தனர். 1791இல் பத்துத் திருத்தங்களைச் சேர்த்தனர். கொடுந்தண்டனையை விலக்கும் எட்டாந் திருத்தம் 1689ஆம் ஆண்டு ஆங்கில உரிமைச் சட்டத்தின் சொற்களையே பெரும்பாலும் தழுவியது. ஆங்கிலப் பாராளுமன்றம் தான் தந்த உரிமையைத் தானே மாற்றலாம். அமெரிக்கரோ உரிமைகளைச் சட்டமன்றத்துக்கும் மேலே வைத்தனர். ஆயினும், அடிமைத்தளை அங்கு அறுந்தது 1865இலேதான். எழுதியதெல்லாம் எல்லார்க்கும் உடனே கிட்டிவிடவில்லை.

நம் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இற் கட்டினர். ஒல்லாந்தர் 1658இலும் ஆங்கிலேயர் 1795இலும் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1801இல் இலங்கையில் உயர் நீதிமன்றத்தை நிறுவினர். அவர்கள் கட்டிய மணி ஒருநாள் அவர்களுக்கு எதிராகவே ஒலித்தது.

1937இல், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞரை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். எச். வி. பெரேரா ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி வாதாடினார். அவசரநிலைக்கென வகுத்த அதிகாரத்தை அமைதிக் காலத்திற் பிரயோகிக்க இயலாது எனப் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் தீர்த்து, அவரை விடுவித்தது. அத்தீர்ப்பில் மகா சாசனமும் பேசப்பட்டது.

எனினும், 1947ஆம் ஆண்டு சோல்பரி அரசியலமைப்பில் அமெரிக்கரதைப் போன்ற உரிமைப் பட்டியல் இல்லை. 1972இலேதான் அடிப்படை உரிமைகளுக்கென ஓர் அத்தியாயம் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைதுசெய்யப்படுபவருக்குக் காரணம் கூறவேண்டும் என்கிறது. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அம் மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்வுரிமைகளை எவ்வளவு சுருக்கியது என்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கரையூரொன்றிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனைப் பிடித்துச் சென்று மூன்று மாதமாயிற்று என்றார். “ஏனம்மா முன்னரே வரவில்லை?” என்று கேட்டேன். “கேட்டால் பிள்ளைக்கு இன்னும் கேடு வந்திடுமோ எண்டு பயந்து இருந்திட்டன், ஐயா” என்றார். ஒரு மாதத் தவணை கடந்துவிட்டது. ஆட்கொணர்வு மனு என்று ஒன்று உண்டு என்பதையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். குற்றம் அந்தத் தாயினதன்று. படித்தும் அவருக்குச் சொல்லாதிருந்த நம்முடையது.

மன்றத்து இளைஞர்களே! ஒருவர் கைதானால், திகதி, நேரம், இடம், கொண்டுசென்றவர் யார் என்பவற்றை உடனே குறித்து வையுங்கள். அவ்வீட்டாருடன் கூடச் செல்லுங்கள். சட்டத்தரணியிடம் அழைத்துப் போங்கள். அவர் எந்தச் சமயத்தவர், எந்த ஊரவர் என்று பாராதீர்கள்.

அன்று பசு அசைத்திராவிட்டால் சோழன் வெளியே வந்திருக்கமாட்டான். மணி இன்றும் தொங்குகிறது. கயிறு எட்டாதவர்களுக்கு அதை எட்டச் செய்வது உங்கள் கடன்.