குளமும் கோடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் திங்கள்தோறும் தவறாமல் கூடி வருவது எளிய செயலன்று. வந்தவர்களை அணைத்துக்கொண்டும், வராதவர்களை நினைவில் வைத்துக்கொண்டும் நடந்த பயணம் இது. இந்த நன்னாளில் 'இலக்கியமும் நீர்நிலையும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பொருள் பெரிது, காலம் சிறிது. ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பேச விழைகிறேன். அச்சொல் 'கோடு'.

இன்று கோடு என்றதும் எழுதுகோலால் இழுக்கும் வரைதான் நம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அதற்குப் பொருள் பல. விலங்கின் கொம்பு கோடு. மரத்தின் கிளை கோடு. மலையின் உச்சி கோடு. நீர்நிலையின் கரையும் கோடு. கோடுதல் என்றால் வளைதல். வளைந்து நின்று நீரைத் தாங்குவதால் கரைக்கும் அப்பெயர் பொருந்திற்று. முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சங்க இலக்கிய நீர்ச் சொற்களை அட்டைகளில் எழுதித் தொகுத்த நாட்களில், இச்சொல் மட்டும் எந்தக் கட்டுக்குள்ளும் அடங்காமல் என்னைத் தொல்லைப்படுத்தியது. அதன் பொருள் எனக்கு விளங்கியது நூலகத்தில் அன்று. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில்.

முதலில் மூன்று சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன். புறநானூற்றின் 118-ஆம் பாடலில், பாரியை இழந்த பறம்பு நாட்டைக் கபிலர் பார்க்கிறார். அவர் கண்ணில் படுவது இடிந்த கோட்டை அன்று. பிறை போல் வளைந்த கரையுடைய ஒரு சிறு குளம் உடைபடும் காட்சி. காப்பவன் போனால் முதலில் போவது கரை என்பது அப்பெரும்புலவரின் துயரம். அடுத்து, சிறுபஞ்சமூலத்தில் காரியாசான் நீரறம் ஐந்தினை வரிசைப்படுத்துகிறார். குளம் தோண்டுவதை அடுத்து அவர் சொல்வது கோடு பதிப்பது. மரக்கிளை நடுதல் என்று கொள்வாரும் உளர். கரை அமைத்தல் என்று கொள்வாரும் உளர். எது சரி என்று நானும் மாணவர்களோடு வாதிட்டிருக்கிறேன். இன்று எனக்கு அந்த வாதம் தேவையில்லை என்று தோன்றுகிறது. கரையும் மரமும் ஒன்றையொன்று தாங்கும் ஒரே பொருள். மூன்றாவது சான்று திருக்குறளின் 523-ஆம் பாடல். அதனை இறுதியில் சொல்கிறேன்.

கரை என்றால் நீரைத் தடுக்கும் மண்மேடு என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். கண்மாய்க்குக் கரை ஒருபுறந்தான் இருக்கிறது. எதிர்ப்புறத்தில் நிலமும் நீரும் மெல்ல மெல்லக் கலக்கும் தாழ்வான விளிம்பு ஒன்று உண்டு. அங்கே நீர் ஆழமில்லை. கதிரவன் ஒளி அடிமண் வரை செல்கிறது. கோரையும் சம்பும் நாணலும் வேரூன்றுகின்றன. அவற்றின் தண்டுகள் அலையின் வேகத்தை அடக்குகின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மேட்டிலிருந்து மழைநீர் கொண்டுவரும் வண்டல் அந்தப் புல்லில் தங்கிவிடுகிறது. விரால் மீன் கூடமைத்துக் குஞ்சு காப்பதும், தவளை முட்டையிடுவதும், நாரை இரை தேடுவதும் அங்கேதான். சுருங்கச் சொன்னால், ஊர் அழுக்கு நீருக்குள் நுழையுமுன் அதனைச் சலித்தெடுக்கும் சல்லடை அந்த விளிம்பு.

அதனை அழித்தால் என்ன நேர்கிறது? வயலுக்கு இடும் உரத்திலும், வீட்டுக் கழிவுநீரிலும், சலவைத் தூளிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. தடுக்கப் புல் இல்லாதபோது அவை நேரே நீரில் கலக்கின்றன. பயிரை வளர்க்கும் அதே சத்து பாசியை வளர்க்கிறது. நீர் பச்சைக் குழம்பாகிறது. பாசி இரவில் உயிர்வளியை உட்கொள்கிறது. மடிந்து அழுகும்போது இன்னும் மிகுதியாக உயிர்வளி செலவாகிறது. அதனால்தான் விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து திணறுகின்றன. நீலப்பச்சைப் பாசிகளுள் சில நஞ்சு உமிழ்வன. நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அகலாது. ஆடுமாடு குடிக்கும் நீர் அது. கோடையில் மனிதரும் நாடும் நீர் அது.

நம் முன்னோர் இந்த வேதியியலை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆனால் நடைமுறையில் வகுத்து வைத்தார்கள். பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் பாசனத்துக்குக் கண்மாய் என்றும், குடிப்பதற்கு ஊருணி என்றும் பிரித்தார்கள். ஊருணியில் கால் கழுவக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். கோடையில் கரம்பை மண் எடுத்து வயலுக்கு இட்டார்கள். ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்ட ஒருவரையும் விடவில்லை. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி இருந்தார். முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தெரிந்தெடுத்த செய்தியைக் கூறுகின்றன. நீரைக் காப்பதும் ஆட்சியின் ஓர் உறுப்பாக இருந்தது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது கணக்கு. அவற்றின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. குடிமராமத்து என்னும் பழஞ்சொல் 2017-ஆம் ஆண்டில் அரசுத் திட்டத்தின் பெயராக மீண்டும் வந்தது. சட்டமும் திட்டமும் வேண்டுவனவே. ஆயினும், தூர் வாருகிறோம் என்று விளிம்புப் புல்லையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுக் கிண்ணம் போல் ஆக்கிவிடுவதும், அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் செங்குத்தான சிமிட்டிச் சுவர் எழுப்புவதும் நீரைக் காப்பதாகாது. ஆமை ஏற முடியாத கரையும், ஆடு இறங்க முடியாத கரையும் குளத்தைத் தொட்டி ஆக்கிவிடும்.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னவை. இனி என்னை நோக்கிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

2019-ஆம் ஆண்டில் எங்கள் ஊர்க் கண்மாயை அளந்து எல்லைக்கல் நட்டார்கள். எங்கள் வயலின் கீழ்க்கோடியில் முக்கால் ஏக்கர், கல்லுக்கு உட்புறம், கண்மாயின் உள்வாயில் விழுந்தது. எங்கள் தந்தையார் ஒரு வறட்சி ஆண்டில் கோரையை வெட்டி, வரப்பை இரண்டு முழம் தள்ளிப் போட்டிருக்கிறார். மறு ஆண்டு இன்னும் இரண்டு முழம். அவர் தீயவர் அல்லர். ஐந்து வயிறுகளுக்குச் சோறு தேடியவர். ஈரம் மிகுந்த அந்தத் துண்டுதான் ஒருபோதும் பொய்க்காத துண்டு. நான் கல்லூரியில் தமிழ் படிக்கக் கட்டணம் கட்டியதும் அந்த நெல்லை விற்றுத்தான். குளத்தையும் கரையையும் பற்றி நான் எழுதிய ஆய்வேட்டின் அடியில் ஒரு கண்மாயின் விளிம்பு கிடக்கிறது என்பதை அந்தக் கல் எனக்குச் சொல்லிற்று.

விட்டுவிடுவோம் என்றேன் தம்பியிடம். "எல்லாரும் விடட்டும் அக்கா, கடைசியாக நாம் விடுவோம். நீ மாதச் சம்பளக்காரி, உனக்குச் சொல்வது எளிது" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. ஓராண்டுக் காலம் அவன் என்னோடு பேசவில்லை. அம்மா இருவருக்கும் இடையே தவித்தார்.

அந்த நாட்களில்தான் நான் சொல்லாமல் வைத்த குறள் எனக்கு விளங்கிற்று. சுற்றத்தோடு கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போன்றது என்கிறார் வள்ளுவர். கரைக்கு அவர் ஆளும் சொல் கோடு. அக்குறள் இடம்பெறுவது சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தில். உவமையாக மட்டுமே அதைக் கற்பித்து வந்தேன். உவமைக்குள் நடைமுறையும் இருக்கிறது. சட்டத்தைக் காட்டித் தம்பியைப் பணிய வைத்திருக்கலாம். கரை மீண்டிருக்கும், சுற்றம் உடைந்திருக்கும். தனியொருவர் கரையைக் காக்க முடியாது. அண்டை வயல்காரர் நால்வரோடும் உட்கார்ந்து பேசினோம். அந்தத் துண்டின் விளைச்சலுக்கு ஈடாக மூன்றாண்டுக்கு ஒரு தொகை தருவதாகத் தம்பியிடம் ஒப்புக்கொண்டேன். அறுவடை முடிந்து வரப்பை அவனே வெட்டிவிட்டான். நால்வரில் இருவர் பின்தொடர்ந்தார்கள். இருவர் இன்னும் இசையவில்லை.

இரண்டு மழைக்காலம் சென்றன. யாரும் நடாமலே கோரை வந்திருக்கிறது. சென்ற தை மாதம் தம்பியே தொலைபேசியில் அழைத்து, "உன் நிலத்தில் விரால் குஞ்சு மேய்கிறது, வந்து பார்" என்றான். 'உன் நிலம்' என்று அவன் சொன்னதில் இன்னும் சிறு வருத்தம் உண்டு. ஆயினும் அழைத்தான்.

அன்பர்களே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்திடம் மூன்று வேண்டுகோள்கள். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் ஒரு கண்மாய்க் கரையில் நடத்துங்கள். உள்வாய், அலைகரை, கலிங்கு, மடை, வரத்துக்கால் என்னும் சொற்களைப் பேசும் முதியவர்கள் மறையுமுன் அவர்களிடமிருந்து கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மறந்த உறுப்பை யாரும் பழுது பார்ப்பதில்லை. மூன்றாவதாக, ஒவ்வொருவரும் தம் ஊர் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை சென்று பாருங்கள். அது நம் வயலுக்குள் நின்றால், பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.