அம்மாவின் பணம் அம்மாவுக்கே

மலேசியாவின் உலு திராமில் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள் 55 வயதில் எடுக்கக்கூடிய பணம் ஊழியர் சேமநிதி. அதற்குப் பிறகு பலருக்கு வேறு வருமானமே இல்லை. பெற்றோரின் அந்தச் சேமிப்பை நம் உடன்பிறந்த ஒருவரே கரைப்பது தெரிந்தும், குடும்ப விஷயம் என்று வாய்மூடி இருக்கலாமா? கூடாது. சட்டமே அப்படிப் பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, குடும்பத்தாரின் சொத்தை நேர்மையின்றி அபகரித்து, அந்தப் பண இழப்பால் அவரை வேதனைப்படுத்துவதும் வன்முறையாகச் சேர்க்கப்பட்டது. குடும்பத்தார் என்பதில் தாய் தந்தையரும் அடக்கம்.

"அண்ணன்தானே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், எடுத்தால் என்ன?" என்பார்கள் சிலர். பராமரிப்பு பெரிய உழைப்புதான். அதற்கு மாதம் இவ்வளவு என்று எல்லாரும் அறியப் பேசிக் கொடுப்பதே முறை. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் மகனிடம் இருக்க, மருந்து வாங்க அம்மா கையேந்தினால் அது பராமரிப்பு ஆகாது. "அம்மாவே மனமுவந்து கொடுத்தார்" என்பது அடுத்த வாதம். மீதி எவ்வளவு என்றே தெரியாமல், மறுத்தால் கவனிக்க ஆளிருக்காதே என்ற பயத்தில் கொடுப்பது மனமுவந்து கொடுப்பதல்ல.

ஆகவே முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். அவர் சம்மதத்தோடு வங்கிக்கு அழைத்துப்போய்க் கணக்கு விவரம் எடுங்கள். ரகசிய எண்ணை அவரே மாற்றட்டும். பிறகு உடன்பிறந்தவரிடம் அந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை அழைக்கலாம், காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். உறவு கெட்டுவிடுமே என்று தயங்காதீர்கள். பெற்றவரை வெறுங்கையோடு நிறுத்தித்தான் ஓர் உறவைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்த விலை மிக அதிகம்.