வினையும் மருந்தும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சைவசித்தாந்தத்தைப் பற்றி வைத்தியர் ஒருவர் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் சாத்திரத்தை முறையாகப் பாடங்கேட்டவர்கள் அல்லர். இக்கல்லூரியிற் சமயபாடத்திற் படித்ததும், பின்னர் ஓய்வு கிடைத்தபோது வாசித்ததுமே எங்கள் கையிருப்பு. ஆயினும், சித்தாந்தத்தைச் சேர்ந்த ஒரு கேள்வி எங்கள் கிளினிக்குகளுக்கு நாள்தோறும் வருகிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் கேட்கிறாள். மூன்றாம் முறையும் கருச்சிதைவுக்கு ஆளான பெண் கேட்கிறாள். மார்பகப் புற்றுநோய் என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி கேட்கிறாள்: "நான் என்ன பாவம் செய்தனான், டொக்டர்?"

அந்தக் கேள்வி பெரும்பாலும் அவளுடையதன்று. வீட்டிலோ, கிணற்றடியிலோ, கோயில் வீதியிலோ யாரோ முதலிற் சொல்லிவிட்டார்கள். "எந்தப் பிறப்பில என்ன செய்தாளோ, இப்பிடிப் பிள்ளை பிறந்திருக்கு" என்று சொன்னவர் சமயம் பேசியதாகவே நினைக்கிறார். உண்மையில் எமது சமயம் அதைத்தான் சொல்கிறதா? அதையே இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.

சித்தாந்தம் யாழ்ப்பாணத்துக்கு அந்நியமானதன்று. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களும் நாற்பது அடிகளுமே கொண்டது. அதனை இங்கே படித்தவர்கள் சைவர்கள் மட்டும் அல்லர். வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த அமெரிக்க மிசனரி ஹொய்சிங்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1854இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலர், பதி, பசு, பாசம் என்ற முப்பொருளைச் சிறுவருக்கும் விளங்கும் வசனநடையில் சைவவினாவிடையாக எழுதினார். அவர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே பிறந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். ஒருவர் உயிரின் நோயைப் பற்றியும் மற்றவர் உடலின் நோயைப் பற்றியும் ஒரே காலத்தில் ஒரே குடாநாட்டில் தமிழ் வசனத்தில் எழுதினார்கள். நாம் இந்த இருவரின் வழியிலும் வந்தவர்கள்.

முப்பொருளும் தொடக்கமில்லாதவை என்பது சித்தாந்தம். உயிரைப் பற்றியுள்ள ஆணவம் இடையில் வந்ததன்று. நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் போல என்றும் உடனிருப்பது. ஆகவே யாரோ ஒருவர் ஒருநாள் தவறு செய்ததால் எமக்கு மலம் வந்தது என்று சித்தாந்தம் சொல்வதில்லை. முதலில் இருப்பது குற்றமன்று, நோய்.

அடுத்தது மாயை. சங்கரரின் வேதாந்தத்தில் இச்சொல் வேறு பொருளில் வரும். சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றம் அன்று; உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் தோன்றும் மூலப்பொருள். ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை கையிற் கொடுக்கப்பட்ட விளக்கு என்று அதை விளக்குவார்கள். உடல் இழிந்தது, அதைக் கவனிக்கத் தேவையில்லை என்று பேசுபவர்கள் இந்த இடத்தை மீண்டும் படிக்க வேண்டும். நடக்க முடியாத பிள்ளையின் உடலும் அந்த உயிருக்கு இறைவன் கொடுத்த விளக்குத்தான். அதன் திரியைத் தூண்டுவதும் சிமினியைத் துடைப்பதும் எமது வேலை. உடற்பயிற்சிச் சிகிச்சையும் வலிப்புக்கான மருந்தும் அதைத்தான் செய்கின்றன.

இனி வினை. சித்தாந்தம் வினையை மறுக்கவில்லை. நாமும் அதை மறுக்க இங்கு வரவில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்ற மூவகையையும் சமயபாடத்தில் மனனம் செய்தோம். ஆனால் மனனம் செய்தபோது கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. வினை அறிவற்ற சடப்பொருள் என்பது சித்தாந்தத்தின் துணிபு. செய்தவனைத் தேடிப் போய் அதனாற் பற்ற முடியாது. அதை அறிந்து கூட்டுபவன் இறைவன். வினையே போதும், இறைவன் வேண்டியதில்லை என்ற மீமாஞ்சகரின் கொள்கையைச் சித்தாந்திகள் மறுத்தது இக்காரணத்தினாலேயே. அப்படியாயின், ஒருவரின் வினைக்கணக்கு இறைவனுக்கு மட்டுமே தெரியும். அயல்வீட்டாருக்கோ, மாமியாருக்கோ, வைத்தியருக்கோ அது தெரியாது. தெரியாத கணக்கை வாசித்துத் தீர்ப்புச் சொல்பவர், தமக்கில்லாத அதிகாரத்தைக் கையில் எடுக்கிறார்.

சரி, இறைவன் எதற்காக வினையைக் கூட்டுகிறான்? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் இதற்கு ஒரு வைத்தியரைத்தான் உவமை காட்டுகிறார். வைத்தியர் சில நோய்களை அறுத்துக் கீறித் தீர்ப்பார்; சிலவற்றைச் சர்க்கரைக்கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்ப்பார்; இறைவனும் அவ்வாறே இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்பது அவர் கருத்து. சத்திரசிகிச்சை மேசையில் ஒருவரைக் கிடத்தும்போது, அவருக்கு நல்ல பாடம் படிப்பிக்க வேண்டும் என்று எந்த வைத்தியரும் நினைப்பதில்லை. வலியைக் கொடுப்பதற்காகவும் நாங்கள் அறுப்பதில்லை. தண்டனையாக நாம் கேட்டுப் பழகிய சொல்லைச் சித்தியார் சிகிச்சையாகச் சொல்கிறது. அழித்தலைக்கூட, களைத்த உயிருக்கு இளைப்பாற்றல் என்றே எமது ஆசாரியர்கள் விளக்கினார்கள்.

இதனாற் துன்பம் குறைந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்களும், 2009இல் பிள்ளைகளை இழந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், இது உன் வினை, இது உனக்குச் சிகிச்சை என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. அங்கே சித்தியாரின் உவமையும் பேச்சுக்கு உரியதன்று. ஆனால் அவர்களுள் ஒரு தாய், எல்லாம் அவன் கணக்கு என்று தனக்குத் தானே சொல்லி, மறுநாள் எழுந்து உலை வைப்பாளாயின், அந்தச் சொல் அவளைத் தாங்குகிறது. அதை அவளிடமிருந்து பறிக்கவும் எமக்கு உரிமையில்லை. தமிழ் இலக்கணம் படித்த நாம் இதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: வினை என்பது தன்மையிற் சொல்லத்தக்க சொல், முன்னிலையிலும் படர்க்கையிலும் சொல்லத்தக்கதன்று.

இதிற் பேச்சுப் பண்பு மட்டுமன்றி வைத்தியமும் அடங்கியிருக்கிறது. பழிச்சொல்லுக்கு அஞ்சும் தாய் பிள்ளையை வீட்டின் உள்ளறையில் வைத்திருக்கிறாள். கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கொண்டுபோவதில்லை. கிளினிக்குக்கும் பிந்தியே கொண்டுவருகிறாள். மூளை வேகமாக வளரும் முதல் ஆண்டுகளிற் பயிற்சி தொடங்கினாற் பெறக்கூடிய பயனைப் பின்னர் அதேயளவு பெறுவது கடினம். மார்பிற் கட்டியைக் கண்ட பெண் விதி என்று மாதக்கணக்கில் மறைத்தால், சிறிய சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடியது முடியாமற் போகிறது. தவறாக விளங்கிக்கொண்ட ஒரு தத்துவம் உயிரைக் குடிக்கும் என்பதை நாங்கள் விடுதிகளிற் காண்கிறோம்.

இன்னொன்றையும் கவனிப்போம். பிராரத்தத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஆகாமியத்தை மறந்துவிடுகிறார்கள். துன்பப்படுபவரைக் கண்டபோது நாம் என்ன சொல்கிறோம், என்ன செய்கிறோம் என்பதே நாம் இன்று ஈட்டும் வினை. அவளுடைய பழைய கணக்கு எமக்குத் தெரியாது. எமது புதிய கணக்கு எமக்கு நன்றாகத் தெரியும்.

சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, உணர்த்த அது உணர்கிறது என்பதாகும். உயிருக்கு அறிவு உண்டு. ஆனால் யாராவது காட்டினாற்றான் காணும். பன்னிரண்டாம் சூத்திரமோ, அடியார் கூட்டத்தோடு இணங்கி, அவர்களின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழச் சொல்லி நூலை முடிக்கிறது. உயிருண்டோ என்று விசாரித்த நூல் கடைசியில் மனிதரோடு மனிதர் சேர்ந்து வாழும் வாழ்வில் வந்து நிற்கிறது. சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) இதை எமது கண்முன்னே வாழ்ந்து காட்டினார். ஆசிரியையாக இருந்து, சித்தாந்தத்தை மேடைதோறும் விளக்கிய அவர், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலை நிர்வகித்ததோடு, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஓர் இல்லமும் அமைத்தார். அவர்கள் ஏன் ஆதரவற்றவர்கள் ஆனார்கள் என்று வினைக்கணக்குப் பார்க்கப்படவில்லை. சோறும் படிப்பும் கொடுக்கப்பட்டன.

நூற்றாண்டு காணும் இக்கல்லூரியின் பிள்ளைகளாகிய நாம் இரண்டு காரியங்கள் செய்யலாம். எம்முள் சமயபாடம் கற்பிப்பவர்கள், மூவகை வினையைப் படிப்பிக்கும் அதே நாளில் சித்தியாரின் வைத்திய உவமையையும் படிப்பிக்கட்டும். வகுப்பிலுள்ள பிள்ளை ஒன்றுக்கு வீட்டில் மாற்றுத்திறனாளியான தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துப் படிப்பிக்கட்டும். மற்றைய நாம், அப்படி ஒரு பிள்ளையுள்ள வீட்டுக்குப் போனாற் காரணம் கேளாதிருப்போம். பிள்ளையைக் கையில் வாங்குவோம். கிளினிக் எந்த நாள் என்று கேட்போம். அன்று தாயோடு பஸ்ஸில் கூடப் போவோம். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம்.

"நான் என்ன பாவம் செய்தனான்" என்று கேட்கும் பெண்ணுக்கு நாங்கள் இப்போது சொல்லும் பதில் சிறியது: "அது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது அம்மா. இனிச் செய்ய வேண்டியது என்னவெண்டு எங்களுக்குத் தெரியும். அதைச் சேர்ந்து செய்வம்." இது சித்தாந்தத்துக்கு மாறான பதிலன்று என்று இக்கல்லூரியிற் கற்ற பாடத்தைக் கொண்டே துணிந்து சொல்கிறோம்.