கட்டுகளை அவிழ்ப்பது நம் வேலை



பெத்தானியாவில் நான்கு நாள் கல்லறையில் கிடந்த இலாசரை ஆண்டவர் உயிரோடு எழுப்பியதை நாம் அறிவோம். ஆனால் இரண்டு வேலைகளை அவர் தாமே செய்யவில்லை. கல்லறை வாயிலை மூடியிருந்த கல்லை அவர் அகற்றவில்லை. இலாசரைச் சுற்றியிருந்த துணிக்கட்டுகளை அவர் அவிழ்க்கவில்லை. இரண்டையும் அங்கே நின்றவர்களிடமே ஒப்படைத்தார்.

குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்கள் இருக்கும் வீடுகளை நினைக்கும்போது இந்தக் காட்சிதான் நம் கண்முன் வருகிறது.

1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். சட்டம் வந்தது, போனது. குடி மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. 2024 ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அன்று நாம் பதறினோம். ஆனால் மெல்ல மெல்லக் கல்லீரல் கெட்டுச் சாகிறவரை மட்டும், 'மஞ்சள் காமாலை' என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறோம்.

இதுதான் அந்தக் கல். நாற்றம் வீசுமே என்று மார்த்தா தயங்கியதுபோல, ஊர் என்ன பேசுமோ என்று நாமும் மூடி வைக்கிறோம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அப்படி மூடி வைக்கவில்லை. 1980-இல் சென்னையில் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். தம் வீட்டுத் துயரைப் பிறர் வீட்டுக்கு மருந்தாக்கினார்.

அடுத்தது கட்டுகள். போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று மருத்துவம் சொல்கிறது. பல ஆண்டு அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அறையில் பூட்டி வைக்காதீர்கள். யாரோ சொன்ன மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள்; அதன்மேல் அவர் குடித்தால் உயிர் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். கஞ்சாவிலும் மாத்திரையிலும் சிக்கிய பிள்ளைகளுக்கும் இதுவே வழி.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடியும் விழலாம். அப்போது "நாங்கள்தான் சொன்னோமே" என்று சிரிக்காமல், மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துப் போவோம். கட்டு ஒரே இழுப்பில் அவிழாது.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பீடத்திலிருந்து குடிகாரரை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறோம். அவர் வீட்டுப் படியேறியது சில முறைதான். இந்த வாரம் ஒவ்வோர் அன்பியமும் அப்படி ஒரு வீட்டுக்குப் போகட்டும். அறிவுரை வேண்டாம். அந்த வீட்டுத் தாயோடு சற்று உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்போம். மருத்துவமனைக்குத் துணைக்கு வருகிறோம் என்று சொல்வோம்.

உயிர் தருவது ஆண்டவர். கல்லைப் புரட்டவும் கட்டை அவிழ்க்கவும் அவர் நம் கைகளையே கேட்கிறார். அதற்கான வரம் தந்து அவர் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.