லிஸ்பனோடு ஒப்பிடப்பட்ட நம் செஞ்சி

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)



மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனாலே நமக்கு ராஜகிரி தெரிகிறது. தினமும் பார்ப்பதால் அதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜன் கதை எல்லோருக்கும் நினைவு வரும். அவருக்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய செய்தி ஒன்றை இன்று சொல்கிறேன்.

1597-ல் நிக்கோலஸ் பிமெண்டா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் இங்கே வந்தார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களிலேயே பெரியது இதுதான் என்றும், தம் நாட்டில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்றும் அவர் எழுதி வைத்தார். அந்நாளில் கோவா முதல் பிரேசில் வரை கடல் வாணிகம் நடத்திய தலைநகரம் லிஸ்பன். அதற்கு அடுத்தபடியாக நம் ஊரை வைத்திருக்கிறார், யோசித்துப் பாருங்கள்.

கடல் இங்கிருந்து வெகு தொலைவு. பிறகு எப்படி வெளிநாட்டுத் தொடர்பு? பரங்கிப்பேட்டை, கடலூர்ப் பக்கத்துத் துறைமுகங்கள் செஞ்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தன. வெள்ளாற்று முகத்துவாரத்தில் போர்ச்சுகீசியர் குடியேறிய ஊர்தான் பரங்கிப்பேட்டை. அவர்கள் வைத்த பெயர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம். பின்னர் டச்சுக்காரர்களும் தேவனாம்பட்டினத்தில் வாணிகம் செய்யச் செஞ்சியிடம்தான் அனுமதி வாங்கினார்கள். 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயர் அதே தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்பது பேச்சு.

1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தார்கள். அதிகாரம் சென்னைக்குப் போனபின் துறைமுகங்களுக்குச் செஞ்சி தேவைப்படவில்லை. பெரிய நகரம் சிறிய ஊராகிவிட்டது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள்கூட இங்கிருந்து போனவைதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி வெளிநாட்டவர் கூடுதலாக வருவார்கள். சுவரில் கிறுக்கிய பெயர்களையும் அகழியில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களையுமா அவர்களுக்குக் காட்டப்போகிறோம்? போனது போகட்டும், இருப்பதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை வீட்டுக்கு விருந்தாளி வந்தால், கோட்டையைச் சுற்றிக்காட்டி இந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஊர்ப்பெருமை சொல்லிப் பழகிய பிள்ளை அந்தச் சுவரில் கிறுக்காது.