கடைசிப் பெஞ்சும் கைக்குழந்தையும்
(ஜூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு நன்றியின் ஆண்டு. நன்றி சொல்லும் வாய் இருந்தால் போதாது. பிறருக்குக் கதவு திறக்கும் கையும் வேண்டும். ஆகவே, கல்வியின் வாசலில் தயங்கி நிற்கும் இருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

முதலாவது, தமிழறியாத பிள்ளை. ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து செங்கற்சூளைக்கும் நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் வருவோரின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேருகிறார்கள். கடைசிப் பெஞ்சில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளையை "மந்தம்" என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது மந்தமன்று. தாய்மொழியில் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைதான், தமிழில் எழுதிய கணக்கைப் பார்த்து விழிக்கிறது. புதுமொழி கற்பவன் முதலில் கேட்பான்; பிறகுதான் பேசுவான். விளையாட்டுத் திடலின் தமிழ் விரைவில் வந்துவிடும். பாடப்புத்தகத் தமிழுக்கோ ஆண்டுகள் ஆகும்.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், முப்பது வயதையொட்டித் தமிழகம் வந்து தமிழ் கற்றார். 1732இல் சதுரகராதி தந்தார். அவருக்குப் பொறுமையோடு தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் முன்னோரே. அந்தப் பொறுமையை ஓர் ஒடியாச் சிறுமிக்கு நாம் காட்டலாகாதா?

சட்டமும் துணை நிற்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி தரவேண்டும். வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக்கூடாது. இதை அத்தொழிலாளருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை, நாம் சொல்லலாம்.

இரண்டாவது, படிப்பைப் பாதியில் விட்ட தாய். கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, புத்தகம் பரணில் ஏறிற்று. ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத வயது வரம்பில் மேல் எல்லை கிடையாது. ஒரே மூச்சில் எழுத வேண்டியதுமில்லை. ஐந்தாண்டுக்குள் பாடம் பாடமாக முடிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேற்று விடுப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே விதி செய்தது. சட்டம் வழிவிட்டாலும், வீடு வழிவிட வேண்டாமா? மாமியார்மாரே, மருமகள் படிக்க உட்காரும் அந்த ஒரு மணி நேரம் பேரப்பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கணவன்மாரே, தேர்வு நாளன்று அடுப்பைப் பற்றவைப்பது இழிவன்று.

நான் கேட்பவை மூன்று:

1. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவரும் வாரத்தில் இரண்டு மாலை பங்கு மண்டபத்தில் இப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கட்டும். அவர்களுடைய வீட்டு மொழியைக் கேலி செய்யாதிருக்கட்டும்.

2. தாய்மார் வகுப்புக்கும் தேர்வுக்கும் செல்லும் நாட்களில், மாதர் சங்கத்தினர் அவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

3. பெற்றோர் கூட்டம் ஞாயிறு மாலையில் நடக்கட்டும். வேலைநாளில் அழைத்தால் கூலிக்காரனுக்கு ஒருநாள் சம்பளம் போகும்.

எல்லாரும் வாருங்கள் என்று பலகை எழுதுவது பெரிதல்ல. வர இயலாதவர் ஏன் வரவில்லை என்று அறிந்து, அந்தத் தடையை எடுத்துப்போடுவதே அழைப்பாகும். இந்த மண்டபத்தில் அடுத்த மாதமே முதல் விளக்கு எரியட்டும். இறைவன் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக!